பார்வையாளர் புத்தகத்தில் மதினி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊட்டி நடுவில் இருந்த அந்தப் பெரிய மாநாட்டு மண்டபத்துக்குத் தேயிலைக் கண்காட்சி பார்க்க வந்த அத்தனை பேரில், குடும்ப அட்டையையும் தடுப்பூசிச் சீட்டையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தவன் நான் ஒருவன்தான். போதாதென்று என்னுடைய, மனைவியுடைய போட்டோ இரண்டிலும் நான்கு நான்கு பிரதி வைத்திருந்தேன்.

காரணம் என் வியாதி. வரிசையைக் கண்டால் நின்றுவிடுவேன். எதற்கான வரிசை என்று பிறகுதான் கேட்பேன். பிறவியில் வந்ததல்ல இது. இலங்கையில் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்து தலைமன்னாரில் ஒரு வரிசை, ராமேஸ்வரத்தில் இறங்கியதும் ஒரு வரிசை, மண்டபம் முகாமில் அரிசிக்கு, தண்ணீருக்கு, கக்கூசுக்கு என்று தனித்தனி வரிசை. மேசைக்குப் பின்னால் யாராவது உட்கார்ந்து பேனாவின் மூடியைக் கழற்றினால் போதும், என் வாய் தானாகவே அப்பா பெயரையும் கப்பல் ஏறிய தேதியையும் ஒப்பிக்க ஆரம்பித்துவிடும்.

இந்த வியாதியால்தான் மதினியைத் தொலைத்தேன். மதினி என்றால் என் மனைவியின் அக்கா. அவர்கள் குடும்பம் எங்களுக்கு முந்தின கப்பலில் வந்து, முகாமில் எங்களோடு கொஞ்ச நாள் இருந்தது. திடீரென்று ஒரு காலையில் அவர்களுடைய பெயரைக் கூப்பிட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். என் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நான் ஒரு நீளமான வரிசையின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். லாரி எங்களைக் கடக்கும்போது மதினியின் புருஷன், என் சகலை, எட்டிப் பார்த்து எந்தத் தோட்டத்துக்குப் போகிறோம் என்று கத்திச் சொன்னார். லாரி இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை. பத்தடி ஓடியிருந்தால் கேட்டிருக்கும். ஓடினால் இடம் போய்விடுமே. நின்ற இடத்திலிருந்தே எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிக் கையசைத்தேன். வரிசையின் முனைக்குப் போனபோதுதான் அது கம்பளி கொடுக்கும் வரிசை இல்லை, ஊசி போடும் வரிசை என்று தெரிந்தது. எனக்கு ஏற்கெனவே போட்டிருந்தார்கள். இன்னொன்றும் போட்டார்கள்.

"மலைப் பக்கமாம்" என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

எங்களை மஞ்சூருக்குக் கீழே ஒரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் மலைதான். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, எல்லா மலையிலும் தோட்டம். முகாமுக்குப் போட்ட கடிதம் மூன்று முத்திரையோடு திரும்பி வந்தது. அதன்பின் என் மனைவிக்கு ஒரு பழக்கம் வந்தது. சந்தையில் சிலோன் பேச்சு காதில் விழுந்தால் கையிலிருந்த காய்கறியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். "எந்தத் தோட்டம்? எந்தக் கப்பல்?" திரும்பி வரும்போது எதுவும் சொல்லமாட்டாள். மீதிக் காய்கறியை நான் வாங்கி முடித்திருப்பேன். பெரும்பாலும் சொத்தையாக.

அப்படி இரண்டு வருடம் போனது. ஒரு நாள் காலை வேலைக்குப் பேர் போடும் இடத்தில், எங்களுக்கு அது இன்னமும் பெரட்டுக்களம்தான், தோட்டத்து ரைட்டர் ஒரு செய்தி சொன்னார். ஊட்டியில் தோட்ட முதலாளிகள் மாநாடு. கூடவே கண்காட்சி. நாளுக்குச் சில தோட்டம் என்று தொழிலாளிகளையும் லாரியில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். எங்கள் முறை வெள்ளிக்கிழமை. வாசலில் ஒரு புத்தகம் இருக்கும், வருகிறவர்கள் எல்லாரும் பெயர் எழுத வேண்டும்.

எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. பெரிய மண்டபம். மேசை. புத்தகம். எல்லாத் தோட்டத்து ஆளும் வந்து பதிகிறார்கள்.

"அங்க கட்டாயம் ஒங்க அக்கா பேரு இருக்கும்" என்றேன் மனைவியிடம். "கவர்மென்டு இதெல்லாம் சும்மா செய்வாங்களா? கார்ட எடுத்துக்கிட்டுப் போவோம்."

"கண்காட்சின்னுதானே சொன்னாரு?"

"ஒனக்கு அதெல்லாம் புரியாது."

வளைவுக்கு வளைவு லாரி சாய்ந்தது. தைரியம் சொல்லிக்கொண்டு வந்த நான்தான் வாந்தி எடுத்தேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தின் தரை முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. நான் செருப்பை வாசலில் விட்டேன். என்னைப் பார்த்து எங்கள் லாரியில் வந்த அத்தனை பேரும் விட்டார்கள். உள்ளே பூட்ஸ் போட்டவர்கள் டக் டக் என்று நடந்துகொண்டிருந்தார்கள். ஊட்டிக் குளிரில் அந்தத் தரையை வெறுங்காலால் மிதித்தவர்கள் நாங்கள் மட்டுமே.

மேசையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். இலங்கையில் லயத்து வரிசைவீடுகளுக்கு நடுவே இருந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன் நான். எழுத வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டேன். தேதி, பெயர், ஊர், அபிப்பிராயம் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஊர் என்ற கட்டத்தில் என் தோட்டம், டிவிசன், லயத்து எண், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வரைக்கும் எழுதினேன். எஞ்சியது அபிப்பிராயம். முகாமில் இப்படி ஒரு கட்டத்தைப் பார்த்ததில்லை. பிரிந்த உறவினர் பற்றிய விவரம் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

எழுதினேன். மதினியின் பெயர், சகலையின் பெயர், இலங்கையில் இருந்த தோட்டம், ஏறிய கப்பல். அடையாளம்: குள்ளம், இடது கன்னத்தில் மச்சம். குரல்: நாலு மலைக்குக் கேட்கும். குணம்: சண்டை, ஆனால் சோறு போடும். வயது: நாற்பதுக்கு மேல். கட்டம் போதாமல் ஓரத்தில் ஏறி, அடுத்த பக்கத்திலும் இறங்கினேன்.

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அபிப்பிராயம்னா கண்காட்சி எப்படி இருந்துச்சுன்னு எழுதறதுங்க. பாத்துட்டு வந்து எழுதுனாப் போதுங்க."

நான் மடியை அவிழ்த்துக் குடும்ப அட்டையை எடுத்து வைத்தேன். பிறகு போட்டோக்களை வைத்தேன். அவள் அவற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது எதுக்குங்க?"

"நீங்களே வச்சுக்கங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், சிரிப்பு வேறு யாரையோ பற்றியது என்பதுபோல். அந்தப் பக்கங்களை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். என் மனைவி முன்னால் வந்து புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். "இருக்கட்டும்மா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அந்தப் பெண்ணிடம். அவளுக்கு எழுத்து தெரியாது. நான் என்ன எழுதியிருக்கிறேன் என்றும் தெரியாது. அந்தப் பெண் பக்கத்தைத் திருப்பி அடுத்தவருக்கு நீட்டினாள்.

உள்ளே நான் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இலவச டீக்கு வரிசை இருந்தது. மூன்று தடவை நின்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சின்ன பேக்டரி பொம்மை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பெரிய தொட்டியில் நிஜத் தேயிலைச் செடியை வைத்து, சுற்றிக் கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை மாட்டியிருந்தார்கள். என் மனைவி அதன் அருகில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தோட்டத்து லாரி வந்திருந்தது. இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசி ஆள் உள்ளே வரும்வரை பார்த்தாள்.

"ஏம்மா, என்ன பண்ணறீங்க?" காவல்காரர் ஓடி வந்தார்.

அவள் குனிந்து பார்த்தாள். செடி மொட்டையாகியிருந்தது. முந்தானை நிறையக் கொழுந்து. கண் வாசலில் இருந்தபோது கை தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டது.

"பறிச்சு நாளாச்சு போல. முத்திப் போயிருந்திச்சு" என்று சொல்லிக் கொழுந்தை அவர் கையில் கொட்டினாள். அவர் அதை வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்.

திரும்பி வரும் லாரியில் மஞ்சூர் நெருங்கும்போது, "நீங்க எழுதுனத யாரு படிக்கப் போறா?" என்று கேட்டாள். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. சகலையின் கோணல் எழுத்து. 'அபிப்பிராயம் கண்டோம். நெல்லியாளம் பக்கம் இருக்கிறோம். ஞாயிறு வருகிறோம்.' சத்தமாகப் படித்தேன். மனைவி கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் படிக்கச் சொன்னாள். அன்று இராத்திரிச் சோற்றுக்கு முன்னால் இன்னும் ஆறு தடவை படித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பஸ் மாறி வந்து இறங்கினார்கள். அக்காவும் தங்கச்சியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ரோட்டு ஓரத்தில் அப்படியே நின்றார்கள். நாலு மலைக்குக் கேட்கிற குரல் அன்று வெளியே வரவில்லை. சகலை என்னைத் தனியே இழுத்து நடந்ததைச் சொன்னார். அந்த மேசைப் பெண் நான் எழுதிய பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சீட்டை வைத்திருந்தாளாம். சிலோன் ஆட்கள் எந்த லாரியில் வந்தாலும் நிறுத்தி, அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டுவாளாம். அவர்கள் தோட்டம் போனது கடைசி நாள். மச்சம் என்று வரும்போதே வரிசை முழுக்க மதினியைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. குரல் என்று வந்தபோது காவல்காரர்கூடச் சிரித்தாராம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு மதினியின் முன்னால் போய் நின்றேன்.

"பாத்தீங்களா மதினி, எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா நான் மட்டும் அன்னைக்கு அத்தன விவரமா எழுதலேன்னா இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் இப்படி நிப்பீங்களா?"

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எனக்கா நாப்பது?"