காலரக்காவின் இரண்டு பெண்கள்

எங்கள் தையல் ஆலையில் எல்லோருக்கும் அவள் காலரக்கா. சட்டைக் காலர் தைக்கும் வரிசையில் எனக்குப் பக்கத்து மெஷின். வாய் ஓயாது. சூப்பர்வைசர் முறைத்தால், "வாய்தானே சார் பேசுது? கை தைச்சுக்கிட்டுதானே இருக்கு?" என்பாள். அந்த வாய் அடங்கிப்போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

அவளுடைய மூத்த பெண் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு சாயங்காலம் விளக்குப் போடாத அறையில், டிவி வெளிச்சம் முகத்தில் அடிக்க, குழந்தையின் இடது கண்மணி வெள்ளையாக மின்னியது. அக்கா பதறிப்போய்ப் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் வேன் ஓட்டுகிறவர். சாவகாசமாக வந்து பார்த்துவிட்டு, "பூனைக்குட்டி மாதிரி அழகாத்தானே இருக்கு" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் குழந்தைக்குப் பூனை என்றே பேராகிவிட்டது.

கொஞ்ச நாளில் அந்தக் கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "மாறுகண்தான். வளர வளரச் சரியாயிடும். இல்லைன்னா பள்ளிக்கூடம் சேர்க்கும்போது பார்த்துக்கலாம்."

டாக்டரே சொன்ன பிறகு யார்தான் நம்பமாட்டார்கள்? கண் சிவந்து, குழந்தை ராத்திரியெல்லாம் அழத் தொடங்கியபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கண்ணுக்குள் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்தார்.

"கண்ணுக்குள்ள புத்துநோய்க் கட்டி. சின்னப் பிள்ளைங்களுக்கு வர்றது. இன்னும் கண்ணைத் தாண்டின மாதிரி தெரியலை. இப்பவே அந்தக் கண்ணை எடுத்துட்டா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கும்மா. செயற்கைக் கண் வெச்சுக்கலாம்."

"எடுக்காம மருந்துல கரைக்க முடியாதா டாக்டர்?" என்றாள் அக்கா.

"இந்தக் கண்ணுல அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. கண்ணா, உயிரான்னா உயிரைத்தானே பார்க்கணும்?"

அறுவைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் வெடித்தார். "ஒத்தைக் கண்ணோட பொண்ணை வளர்த்து எவன் தலையில கட்டுறது? எங்க பக்கம் இப்படி ஒரு சீக்கே கிடையாது. எல்லாம் உன் வீட்டு ரத்தம்!" நாத்தனார், கண்ணுக்கு நாட்டுச் சொட்டு மருந்து விடுகிற ஒருவரைக் கைகாட்டினாள். அறுவை நாள் வந்தது, போனது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோதெல்லாம் அவரே எடுத்து, வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்.

சொட்டு மருந்து கட்டியை ஒன்றும் செய்யவில்லை. கண் பிதுங்கிய பிறகுதான் அவர் வேனை எடுத்தார். அதற்குள் நோய் கண் நரம்பு வழியாக உள்ளே போய்விட்டிருந்தது. எதற்குப் பயந்து ஓடினாரோ அதையும் செய்தார்கள்: கண்ணை எடுத்தார்கள். அதோடு நிற்கவில்லை, கீமோ, கதிர்வீச்சு. முடியெல்லாம் கொட்டிப்போன குழந்தை வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும். கடைசியில் நோய் மூளைக்கு ஏறியது. பூனை போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பிய அக்கா, ஒரு நாள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "அந்த டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. நான் ஒருத்தியாவே தூக்கிட்டுப் போயிருக்கலாம்ல? எனக்குக் காலா இல்லை?"

அவள் பக்கம் குவிந்திருந்த காலர்களில் பாதியை எடுத்து என் மெஷினில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த பெண் பிறந்தபோது அவள் யாரையும் கேட்கவில்லை. "பச்சைக் குழந்தையை எதுக்கு இழுத்தடிக்கிறே? வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றார் புருஷன். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். இரண்டு கண்ணிலும் கட்டி இருந்தது, ஆனால் கடுகளவு. லேசர் வைத்துச் சுட்டார்கள், கீமோவும் கொடுத்தார்கள். கண் தப்பியது, பார்வையும் தப்பியது.

பெற்றவர்கள் கண்ணையும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா பிடிவாதமாகச் சொன்னார். "எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்று சிரித்துக்கொண்டேதான் புருஷன் போய் உட்கார்ந்தார். அவருடைய வலது கண்ணின் உட்புறத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது.

"உங்களுக்கும் சின்ன வயசுல இது வந்திருக்கு. அபூர்வமா சிலருக்குத் தானாவே அடங்கிடும். உங்ககிட்ட இருந்துதான் பிள்ளைங்களுக்கு வந்திருக்கு. இது உங்க தப்பில்லை."

அவர் எழுந்து வேனை எடுக்கப் போனார்.

மறுநாள் அக்கா சொல்லக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. "அவரை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டீங்களாக்கா?"

"கேட்டு? என் ரத்தம் இல்லைன்னு ஆயிட்டா பூனை எழுந்து வந்துடுவாளா?"

சின்னவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கனமான கண்ணாடி. இன்னும் சோதனைக்குக் கூட்டிப்போகிறார்கள். போகிற நாளில் அக்காவுக்குச் சோறு இறங்காது.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். புருஷனின் சிநேகிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நேரத்தோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். அதனாலதான் எம்பொண்ணு பிழைச்சா" என்று அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் புருஷன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"எந்தப் பொண்ணைச் சொல்றீங்க?"

சிநேகிதர் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். புருஷன் சட்டைப் பையில் வேன் சாவியைத் தேடிக்கொண்டே எழுந்து வெளியே போனார். அக்கா அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.