ஒரு பூச்சு அதிகம்

எங்கள் பட்டறையில் அவளை எல்லோரும் ரப்பர் அக்கா என்போம். டாக்டர்கள் ஆபரேஷன் பழகும் பெட்டிக்கு இதய வால்வு செய்கிறவள். சிலிக்கோன் ரப்பர் குழம்பை அச்சில் பூச்சுப் பூச்சாகத் தடவி, காய்ந்ததும் மெல்லிய இரண்டு இதழ்களாக உரித்தெடுப்பாள். டாக்டர்கள் பெட்டியின் துளைக்குள் நீளக் கருவியை விட்டு, திரையைப் பார்த்தபடி அந்த இதழைத் தைத்துப் பழகுவார்கள். ரத்தத்துக்குப் பதில் தண்ணீரை ஓட்டும் பம்பு என் பொறுப்பு.

இரண்டு வருடத்துக்கு முன், நூலை இழுத்தாலே இதழ் கிழிகிறது என்று டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். "கெட்டியாப் போடும்மா" என்றார் மேனேஜர். அக்கா ஒரு பூச்சு கூட்டினாள். அதன்பிறகு பெட்டியில் வைக்கும் பரீட்சையில் ஒருத்தரும் தோற்கவில்லை. மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. நிஜ வால்வு இவ்வளவு கெட்டி இல்லை என்பது எனக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் அக்காவின் வீட்டுக்காரருக்கே வால்வு கசிகிறது என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். செய்யப்போகிறவர் எங்கள் பெட்டியில் தேறிய டாக்டரம்மா. தனியாகச் செய்வது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை பழக வந்தவர் நூலைச் சுண்டி இழுத்தார். இதழ் அசையவில்லை. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர், அது கிழியாது. ஒரு பூச்சு அதிகமாப் போட்டிருக்கேன்."

மேனேஜர் கண்ணாலேயே எரித்தார். "உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"எனக்கு என் வீட்டுக்காரர் வேணும் சார்."

டாக்டரம்மா கருவியை வெளியே உருவினார். "பழைய மாதிரியே செஞ்சு குடுங்க" என்றார்.

மறுநாள் பத்து வால்வு தயார். முதல் மூன்றும் பர்ரென்று கிழிந்தன. நான்காவதில் தையல் பிடித்தது. எட்டு வரைக்கும் பிடித்தது. பம்பை ஓட்டிப் பார்த்தேன், சொட்டுக்கூடக் கசியவில்லை. "அப்பாடா" என்று அவசரப்பட்டுச் சொல்லித் தொலைத்தேன். ஒன்பதாவது கிழிந்தது.

குடும்பத்தார் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அக்காவின் பையில் நான்காக மடித்துக் கிடந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார். பெரிய டாக்டருக்குப் போன் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை நீங்க பண்ணுங்க சார். என் கை இன்னும் பழகல. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அக்கா தாளைப் பிரித்து, பிசுபிசுத்த மேசை மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷமா இந்தப் பெட்டியில பாஸ் பண்ணவங்க பேரெல்லாம் எடுங்க சார். இன்னிக்கே போன் பண்ணணும்."