பிள்ளையாருக்குப் போன எருக்கம்பூ

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் தட்டிப்போவதற்கு எருக்கஞ்செடிதான் காரணம் என்பாள் அம்மா. பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அத்தை வீட்டில் இருந்தால்தானே! நசரத்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கால்வாய்க் கரையில், பத்துப் பன்னிரண்டு எருக்கஞ்செடிகள் நின்றன. அப்பாவின் தங்கையான அத்தை, கல்லூரியில் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குக் குடையோடு அங்கே போய் உட்கார்ந்து, எத்தனை பூ மலர்ந்திருக்கிறது, எத்தனை கருவண்டு வருகிறது என்று ஒரு மணி நேரம் நோட்டில் எழுதுவாள். ஐந்து வருஷமாக, மழையென்றும் காய்ச்சலென்றும் ஒரு வாரம்கூட விட்டதில்லை. செடிகளைச் சுற்றிச் சணல் கயிறு வேறு கட்டியிருந்தாள். ஆடு மேய்ப்பவர்களோடும் பூப் பறிக்க வருபவர்களோடும் அவள் போடும் சண்டை தெருமுனை வரை கேட்கும்.

எனக்கு எட்டு வயதானபோது, எண்பதுகளின் கடைசியில், பிள்ளையார் சதுர்த்தி ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்ததும் அம்மா என் கையில் கூடையைத் திணித்து, "ரோட்டாண்ட போயி எருக்கம்பூ பறிச்சிகினு வாடி, சீக்கிரம்" என்றாள். போனால், ரோட்டோரச் செடிகளை யாரோ முந்திக்கொண்டு மொட்டையடித்திருந்தார்கள். அத்தையின் கயிற்றுக்குள் மட்டும் கொத்துக் கொத்தாகப் பூ. அடடா, நம் வீட்டுப் பிள்ளையாருக்காகத்தான் அத்தை இத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறாள்! ஒன்று மிச்சம் வைக்காமல் பறித்தேன். கையெல்லாம் பால் பிசுபிசுத்தது. பெருமை தாங்கவில்லை.

அம்மா மாலை கட்டிக்கொண்டிருக்கும்போது அத்தை குளித்துவிட்டு வந்தாள்.

"எங்கடீ பறிச்சே?"

"உன் செடிலதான் அத்தே. எவ்ளோ பூ இருந்துச்சு தெரியுமா!"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரோட்டாண்டதானே போகச் சொன்னேன், பாவி!" அப்பா சமாதானத்துக்கு வந்தார். "உடும்மா, அடுத்த வாரம் எழுதிக்கோ." அத்தையின் குரல் உடைந்தது. "இந்த வாரம் அடுத்த வாரம் வருமா அண்ணே? அஞ்சு வருசம்..."

அடி நிச்சயம் என்று நின்றேன். அவளோ ஒரு கையில் குடையும் மறு கையில் நானுமாகக் கிளம்பினாள். "வா, நீயே எண்ணு."

மொட்டைச் செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்தோம். பூவுக்கான கட்டத்தில் சைபர் போட்டு, பக்கத்தில் 'சதுர்த்தி. பறித்தது அண்ணன் மகள்' என்று எழுதினாள். நோட்டில் நானும் வந்துவிட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். சற்றைக்கெல்லாம் ஒரு கருவண்டு வந்து, செடியைச் சுற்றிவிட்டுப் போனது. பிறகு இன்னொன்று. நான் சொல்லச் சொல்ல அத்தை கோடு போட்டாள். ஒன்பது மணிக்குக் கூட்டினால் முப்பத்தொன்று. போன வாரம் பன்னிரண்டுதான்!

"அத்தே, வண்டு ஜாஸ்தியாதான் வந்துகீது! ஒண்ணும் கெட்டுப்போகல!" என்று குதித்தேன்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஆமாண்டி கண்ணு" என்றாள்.

தப்பித்தேன் என்று வீடு வரைக்கும் ஆடிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு வந்தவை மொத்தமே மூன்றோ நான்கோ வண்டுகள்தான், பூ கிடைக்காத பசியில் அவையே திரும்பத் திரும்ப வந்தன என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.