குட்டைக் காலோடு பெருமாளைத் தூக்கின கதை

என்னை இடிச்ச லாரிக்காரன் மேல இன்னைக்கு எனக்குக் கோபம் இல்லை. ஆனா அன்னைக்குப் பெருமாள் மேல ஒரு கோபம் வந்துச்சு பாருங்க, அதைச் சொல்லாம இந்த அனுபவத்தைச் சொல்ல முடியாது.

சின்ன காஞ்சிபுரத்துல ஷேர் ஆட்டோ ஓட்டுறேன். அது பொழைப்பு. தெருவுல கேட்டா 'பெருமாள் தூக்குற சேகர்'னுதான் சொல்வாங்க. மீசை முளைச்ச நாள்ல இருந்து வரதர் உற்சவத்துல வாகனத்தைத் தூக்குற தண்டுக்குத் தோள் கொடுத்தவன் நான். ஓரிக்கைகிட்ட அந்த லாரி இடிச்சு வலது தொடை எலும்பு நொறுங்கிடுச்சு. ராடு வச்சாங்க, பொழைச்சேன். கால் மட்டும் ஒரு அங்குலம் குட்டையா நின்னுபோச்சு.

டாக்டர் அடி உசத்தின செருப்பு கொடுத்தாரு. அதைப் போட்டா நேரா நடப்பேன். ஆனா செருப்பு போட்டுக்கினு பெருமாளைத் தூக்க முடியுமா? வெறுங்கால்ல நடந்தா தோள் இறங்கும், தண்டு சாயும், பாரம் மத்தவங்க மேல ஏறும். தூக்குறவங்களுக்குத் தலைவர் கண்ணன் அண்ணன், "வேணாம்பா, உடம்பைப் பாரு"ன்னுட்டாரு.

தண்டு அழுத்தித் தோள்ல காய்ச்சிருந்த காய்ப்பு படுக்கையிலயே கரைஞ்சுபோச்சு. அந்த இடத்தைத் தடவித் தடவி அழுதேன். "இத்தனை வருஷம் உன்னைச் சுமந்தேனே, என் ஒரு காலைப் பார்த்துக்க உன்னால முடியலையா?"ன்னு படத்துக்கு முன்னாடி கத்தினேன். கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன்.

போன வருஷம் வைகாசி உற்சவம். பெருமாள் எங்க தெருவுக்கு வர்றப்போ வெயில் ஏறிடுச்சு. மேளச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தினேன். என் சம்சாரம் அமுதா சும்மா இருப்பாளா? "நீ சாத்திக்கினா அவரு திரும்பிப் போயிடுவாரா? தூக்குறவங்களுக்குக் கால் சுடும், ரோட்டுல தண்ணி ஊத்தணும், குடத்தைப் பிடிய்யா!"ன்னு வெளிய தள்ளினா. செருப்பைக் கழட்டிட்டு இறங்கினேன். "காலை நீட்டிக் கொடு, இல்ல உன்னைத் தூக்குற ஆசையை எடுத்துக்கோ"ன்னு மனசு கேட்டுக்கினே இருந்துச்சு.

இடது கால் அவ ஊத்தின தண்ணியில. வலது கால் காய்ஞ்ச தார் ரோட்டுல. ஐயோ, என்னா சூடு! குதிங்கால் தானா மேல எழும்பிடுச்சு. பெருமாள் ரெண்டு வீடு தள்ளி மண்டகப்படி பூஜைக்கு நின்னுக்கினு இருந்தாரு. அங்கிருந்து கண்ணன் அண்ணன் கத்துறாரு: "டேய் சேகரு, அப்படியே நில்லு! ரெண்டு தோளும் நேரா இருக்குதுடா!"

குனிஞ்சு பார்த்தேன், எழும்பின குதிங்கால் அந்த ஒரு அங்குலத்தைச் சரிக்கட்டியிருந்துச்சு. வெறுங்கால்னாலே நொண்டிதான்னு நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். பெருமாள்தான் காலைச் சுட்டுக் காட்டினாரு.

அப்புறம் டாக்டரைக் கேட்டுட்டு தினமும் மாடியில வலது நுனிக்கால்ல நடை. ஆடுசதை உயிரை எடுக்கும். முதல்ல வெறுமனே, பிறகு தோள்ல அரிசி மூட்டையோட. கீழ் வீட்டுக்காரங்க "நாட்டியம் ஆடுறாரு"ன்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு நடந்தேன்.

இந்த வைகாசியில கண்ணன் அண்ணன் தண்டுல எனக்கு இடம் விட்டாரு. எங்க தெரு மட்டும், முனையில இருந்து முனை வரைக்கும். தண்டு சாயல. கண்ணுல தண்ணி கொட்டுது, துடைக்கக் கை இல்லை. அமுதா கூட்டத்துல, "அது எங்க வீட்டுக்காரரு"ன்னு தெரியாதவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருந்தாளாம்.

மத்தவங்க ஊர் முழுக்கத் தூக்குறாங்க. எனக்கு ஒரு தெரு. மனசு நிறைஞ்சிருக்குது. ஆட்டோவுல ஏற யாராவது தடுமாறினா, இப்பல்லாம் நானே இறங்கிக் கை கொடுக்குறேன்.

உங்களுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. கோபம் இருந்தா கோபத்தோடவே அவருகிட்ட கேளுங்க. கேட்ட மாதிரியே வராது. ஆனா வரும்.