பெனெவால்டோவின் பத்தியம்

ஊரார் புண்ணைப் பார்த்து இரானெய்டி பயந்ததே கிடையாது. ஆற்றோரச் சுகாதார நிலையத்தில் பதினெட்டு வருடமாக உதவி நர்ஸ். படகில் போய் அவள் கட்டு மாற்றாத வீடு அந்தக் கரையில் இல்லை. சீழ் பிடித்த காலையும் ஊர்க்கதை பேசிக்கொண்டே கழுவிவிடுவாள். சொந்த வீட்டில், புருஷனின் கட்டைப் பிரிக்கும்போது மட்டும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவள் புருஷன் பெனெவால்டோ, பனைபோல் உயர்ந்த அசாயீ மரத்தில் ஏறிப் பழம் பறிப்பவன். ஜூலையில் மரம் முறிந்து விழுந்தவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தபோது முதுகடியில், எலும்பு துருத்தும் இடத்தில், ஒரு சிவப்புத் தடிப்பு இருந்தது. அது படுக்கைப்புண்ணாகித் தோலுரிந்து, குழியாகி, இப்போது ஒரு முட்டை உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தாள். ஈரம் தங்கவிடவில்லை. உப்புநீரில் கழுவித்தான் கட்டினாள். இருந்தும் குழிக்குள் சதை வெளிறியே கிடந்தது.

குறை அடுப்பங்கரையில் இருந்தது. புண் உள்ளவனுக்குக் கெளுத்தி, வாத்து, பன்றி, முட்டை எதுவும் ஆகாது, எல்லாம் புண்ணைக் கிளப்பிவிடும் கரப்பான் பண்டம் என்பது அந்தக் கரையின் சட்டம். மீனும் முட்டையும் உள்ளே போனால்தான் சதை வளரும் என்று பயிற்சியில் படித்தவள் இரானெய்டி. அதையே வீடு வீடாகச் சொன்னவளும் அவள்தான். ஆனால் ஊருக்குத்தானே உபதேசம்! அவள் அக்கா இவான்சில்டா, பிள்ளைப்பேற்று ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் வாத்துக்கறி தின்றாள். தையல் சீழ் வைத்துச் செத்துப்போனாள். டாக்டர் கிருமி என்றார். இரானெய்டி தலையை ஆட்டினாள், மனசு மட்டும் வாத்தையே பிடித்துக்கொண்டது. ஆக, பெனெவால்டோவுக்கு மூன்று மாதமாக மரவள்ளிக் கஞ்சியும் வாழைப்பழமும்தான்.

நவம்பரில் படகில் வந்த நர்ஸ் எடிலேயா, இவளைவிடப் பத்து வயது சின்னவள், புண்ணை அளந்தாள்.

"நீளம் ஆறு சென்டி, ஆழம் ரெண்டு. போன மாசத்தைவிட ஆழம் கூடியிருக்கே. என்னக்கா சாப்பிடுறாரு?"

"எல்லாந்தான் சிஸ்டர். மீனு, முட்டை..."

பெனெவால்டோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அதெல்லாம் சாப்பிட்டும் சதை வளரலன்னா இங்க வச்சிருந்து புண்ணியமில்ல. எலும்பைத் தொட்டுட்டா விஷம் ரத்தத்துல ஏறிடும். வெள்ளிக்கிழமை படகுல பெலேம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

அந்தக் கரையிலிருந்து படுத்தபடி பெலேமுக்குப் போனவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பெட்டியில்தான் திரும்பினார்கள். எடிலேயா சீட்டு எழுதத் தொடங்கியிருந்தாள்.

"எழுதாதீங்க சிஸ்டர். நான் பொய் சொல்லிட்டேன். மீனுமில்ல, முட்டையுமில்ல. வெறும் கஞ்சிதான் குடுக்கறேன்."

பேனா நின்றது. "நீங்களா? எதிர்க்கரையில அந்தக் கெழவருக்கு முட்டை குடுன்னு அவர் பொண்டாட்டிகிட்ட மல்லுக்கு நின்னதே நீங்கதானே?"

"அது அவ புருஷன் சிஸ்டர். இது என் புருஷன்."

"பாத்தீங்களா?" என்றான் பெனெவால்டோ சுவரிடம். "அடுத்தவ புருஷனா இருந்திருந்தா நானும் முட்டை தின்னிருப்பேன்."

எடிலேயா சிரிக்கவில்லை. "ரெண்டு வாரம் பார்ப்போம். காய்ச்சல் வந்தா அன்னைக்கே ஏத்திருவேன்."

அன்று மத்தியானமே கெளுத்திக் குழம்பு வைத்தாள். தட்டை நீட்டிய கை பாதியில் நின்றது. அவனே பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். அவன் விழுங்கிய ஒவ்வொரு கவளத்தையும் விஷம் இறங்குவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு நெற்றியைத் தொட்டாள், கட்டை மோந்து பார்த்தாள். ஒன்பதாம் நாள் உடம்பு லேசாகச் சுட்டது. இவான்சில்டாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. துணிப்பையில் அவன் சட்டைகளை அடுக்கியே விட்டாள். சாயங்காலம் சூடு தணிந்தது. பயம் தணியவில்லை.

பதினான்காம் நாள் காலை, எடிலேயா வருவதற்கு முன்பே கட்டைப் பிரித்தாள். குழியின் அடியில் மாதுளை முத்துப்போல் சிவப்புச் சதை துளிர்த்திருந்தது. பஞ்சு பட்டதும் பொட்டு ரத்தம் கசிந்தது. நல்ல ரத்தம். அளந்தாள். ஆழம் ஒன்றரை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, மோசமா?" அவனால் பார்க்கவும் முடியாது, உணரவும் முடியாது.

"இல்ல. சதை வளருது."

"அப்புறம் ஏன் அழுவுற?"

"மூணு மாசமா உன்னைப் பட்டினி போட்டிருக்கேன். அந்தக் குழியைத் தோண்டினதே நான்தான்."



"நீ மத்த வீட்ல என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியாதா? பசிச்சப்பல்லாம் நெனச்சுக்குவேன்."

"அப்ப ஏன்யா கேக்கல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உங்கக்காவ நெனச்சு எனக்கும் பயமா இருந்துச்சு நெய்டி."