மாம்பழக் காசு

சுவிஸின் பீல் நகரில் எங்கள் தமிழ்க்கடைக்காரர் சொந்தமாக நாணயம் அடித்திருந்தார் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நான் அதைக் கையில் வைத்திருந்தவள். செம்பில் வட்டமாக வெட்டிய வில்லை. ஒரு பக்கம் மாம்பழம், மறுபக்கம் ஒன்று என்ற இலக்கம். சில்லறைத் தட்டுப்பாடு என்றார். வங்கியில் சில்லறை எடுக்கப் போனால் அதற்கும் கட்டணம் பிடிக்கிறார்களாம். அதனால் மணிக்கூட்டுப் பட்டறையில் வேலைசெய்த தன் மச்சானைக் கொண்டு அவற்றை வெட்டுவித்தார். மிச்சக் காசுக்குப் பதிலாக ஒரு மாம்பழம் தருவார். அடுத்தமுறை அதைக் கொடுத்து ஒரு பிராங்குக்குச் சாமான் வாங்கலாம். அதுவரைக்கும் குற்றமில்லை.

பிறகு மனிதருக்கு ஆசை பெருத்தது. கடையின் பின்பக்கம் விற்பனைக்கு ரோல்ஸ் பலகாரம் சுற்றிக்கொண்டிருந்த என் அம்மாவுக்குச் சம்பளத்தில் பாதியை மாம்பழமாகவே கொடுக்கத் தொடங்கினார். சில்லறைத் தட்டுப்பாட்டுக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஆளில்லை. அம்மாவின் விசாவைப் புதுப்பிக்க வேலைக் கடிதம் கொடுக்கவேண்டியவரும் அவர்தான். இன்றைக்கும் விழா மேடைகளில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்களுக்கென்று தனிக்காசு இருப்பதில் பெரிய பெருமை. அம்மா இடைக்கிடை தந்த மாம்பழங்களைச் சேர்த்து, வகுப்புச் சுற்றுலாவுக்கான பணமாக ரீச்சரின் மேசையில் அடுக்கி வைத்தேன். அவர் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். வடிவாக இருக்கிறது, ஆனால் இது காசில்லை என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போனேன். சனங்கள் பார்த்துக்கொண்டு நிற்க, மாம்பழங்களை அவருடைய மேசையில் கொட்டி, உண்மையான காசு தாருங்கோ என்று கத்தினேன்.

"பிள்ளை, இதுக்குக் கிழங்கு வாங்கலாம், மீன் வாங்கலாம், அரிசி வாங்கலாம். வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்று சிரித்தபடி குளிர்பெட்டியிலிருந்து ஒரு ஐஸ்பழத்தை எடுத்து நீட்டினார். அம்மாவின் உழைப்பில் எனக்கு உபசாரம்! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற புண்ணியவான். நான் அதைத் தொடவில்லை.

சத்தம் கேட்டு அம்மா கையில் மா ஒட்டியபடி ஓடி வந்தார். எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. சின்னப்பிள்ளை, விளங்காமல் கதைக்கிறாள்."

அந்த ஆளைவிட அம்மாமேல்தான் எனக்கு ஆத்திரம். வேலை முடிந்து அம்மாவோடு வீட்டுக்கு நடந்தபோது வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மழை தூறியது. எங்கள் வீட்டுப் பக்கம் போகிற பஸ் தரிப்பிடத்தில் வந்து நின்றது. ஏறுவோம் என்றேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்கு நடக்கப் பிடிக்கும் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். பஸ்காரனும் மாம்பழம் வாங்கமாட்டான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.