சமாதானமாக அனுப்பி வைத்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, வவுனியா மாவட்டத்தில் ஒரு சின்னப் பொலிஸ் நிலையத்தில் நான் கொன்ஸ்டபிளாக இருந்தபோது நடந்தது இது. அங்கே தமிழ் தெரிந்த பெண் பொலிஸ் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு நாள் பொறுப்பதிகாரி என்னைக் கூப்பிட்டு, விசேட பயிற்சிக்கு உன்னை அனுப்பப் போகிறேன், இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று படிவத்தை நீட்டினார். ஒன்று, பெண்கள் சிறுவர்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் பயிற்சி. தெற்கில், ஆறு வாரம், அங்கேயே தங்க வேண்டும். மற்றது, வீதி விபத்து நடந்த இடத்தை அளந்து வரைபடம் கீறும் பயிற்சி. அது வவுனியா டவுனிலேயே. பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். மகளுக்கு அப்போது இரண்டு வயது, அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் மகள் ஒரு சாட்டுத்தான். பெண்களின் பிரச்சினையைப் பெண்ணாகிய எனக்கு யார் படிப்பிப்பது என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது. விபத்துப் பயிற்சிக்கு எதிரே சரி போட்டுக் கொடுத்தேன். யோசித்துத்தான் போட்டாயா என்று அவர் ஒரு தரம் கேட்டார். ஓம் என்றேன்.

பயிற்சி முடிந்து வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது சொல்லலாம். மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். வயல் கூலிக்குப் போகிறவள். வலது காது வீங்கிக் கறுத்திருந்தது. கணவன் அடித்ததாகச் சொன்னாள். அடி புதிதில்லையாம், ஆனால் இந்த முறை கொன்றுபோடுவேன் என்று சொல்லிச் சொல்லி அடித்தானாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "மிஸ், என்னைய அவரோட மட்டும் அனுப்பிடாதீங்க" என்றாள்.

"பயப்படாதேங்கோ தங்கச்சி, நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றேன்.

புருசன் பெண்சாதி முறைப்பாடு என்றால் எங்கள் நிலையத்தில் ஒரே வழக்கம்தான். இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, அவனுக்கு நாலு ஏச்சு ஏசி, இனி அடிக்க மாட்டேன் என்று புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, சமாதானமாக அனுப்பிவிடுவது. கணவனைக் கூப்பிட்டு நானும் அதையே செய்தேன். அவன் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு, அவன் பக்கத்தில் இருக்கும்போதே அவளிடம், இவரோடு போகச் சம்மதமா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "சரிங்க மிஸ்" என்றாள்.

அவ்வளவுதான், எனக்குப் பெரிய திருப்தி. ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்டேனாம்! மோட்டார் சைக்கிளில் போனார்கள். அவள் அவனைப் பிடிக்காமல் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். அதையும் பார்த்துக்கொண்டுதான் நான் வாசலில் நின்று கை காட்டினேன்.

பதினோராம் நாள் அவள் செத்துப்போனாள். அவன்தான், மண்வெட்டிப் பிடியால். வரைபடம் கீறத் தெரிந்தவள் என்று பொறுப்பதிகாரி என்னையும் கூட்டிப் போனார். குசினி வாசலிலிருந்து அவள் கிடந்த இடம் வரைக்கும் நாடாவைப் பிடித்து அளந்தேன். மூன்று தரம் அளவு பிழையாக வந்தது. கடைசியில் பிழையில்லாமல் கீறிக் கொடுத்தேன். நானே தெரிவு செய்து படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது.

முற்றத்தில் இருந்த அவளுடைய அம்மா, மகள் சொன்ன தமிழ் மிஸ் நான்தான் என்று கண்டுகொண்டார். ஏசுவார், மண் அள்ளித் தூற்றுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "நீங்க சொன்னீங்கன்னுதான் மிஸ் அவ போனா" என்றார்.

அடுத்த வருடம் அந்த ஆறு வாரப் பயிற்சிக்கு நானே கேட்டுப் போனேன். முதல் நாள், முதல் மணித்தியாலத்திலேயே சொல்லித் தந்தார்கள்: அடிபட்ட பெண்ணை அடித்தவனுக்கு முன்னால் வைத்து ஒருபோதும் கேட்காதே. அதற்குப் பிறகு அன்று சொன்ன எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது வேறொரு நிலையத்தில் பெண்கள் பிரிவில் இருக்கிறேன். யார் வந்தாலும் தனி அறையில் வைத்துத்தான் கேட்கிறேன். உங்களைப் போல ஒரு மிஸ் கிடைத்தது எங்கள் புண்ணியம் என்று சிலர் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்ய எனக்கு எந்தப் பயிற்சியும் தேவைப்பட்டிருக்காது, அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே போதும்.